பாட்டுக்கு நடுவில் விட்ட இடம்

குள்ளம்மாள் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ, பிறந்த அன்றைக்கு அளவு பார்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். ஆள் நிமிர்ந்து நின்றால் பென்னாகரம் பஸ்ஸில் கூரை இடிக்கும். குலசாமி பேர், மாற்றக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவளும் அதற்காகக் கவலைப்பட்டவள் இல்லை. உயரத்தைக் கேலி செய்ய எவராவது வாயைத் திறந்தால், அவர் முடிப்பதற்குள் இவள் நான்கு வரி கட்டிச் சொல்லிவிடுவாள். கேலி செய்தவர் அப்புறம் கொஞ்ச நாளைக்கு வேறு தெரு வழியாகத்தான் போவார்.

அவள் வேலை செய்தது தர்மபுரிக்கும் நல்லம்பள்ளிக்கும் நடுவில் இருந்த ஒரு புளி மண்டியில். மாசி பிறந்தால் சுற்றுவட்டாரப் புளியெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். பெண்கள் எதிரெதிராக இரண்டு வரிசை போட்டு உட்காருவார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஒரு கல், கையில் ஒரு சின்ன இரும்புத் தடி. ஓடு நீக்கிய புளியைக் கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டையைப் பிதுக்கித் தள்ள வேண்டும். கைக்கு ஓய்வே கிடையாது, வாய்க்கு வேலையே கிடையாது. அதனால் வாய் தானாக ஒரு வேலையைத் தேடிக்கொண்டது.

வடக்கு வரிசை நான்கு வரி கேலி சொல்லும். தெற்கு வரிசை அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதைப் பாட்டு என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. தடி விழுகிற வேகத்துக்கு வார்த்தை விழும், அவ்வளவுதான். சொன்ன வரிசை சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு வெறுமனே தட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்குள் எதிர் வரிசை பதில் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் தோல்வி. தோற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், ஜெயித்தவர்கள் கையில் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும். தோற்பதைவிட அந்தச் சொம்பை நீட்டுவதுதான் கஷ்டம் என்று பெண்கள் சொல்வார்கள்.

வடக்கு வரிசைக்குத் தலைவி குள்ளம்மாள். தெற்கு வரிசைக்கு லூர்துமேரி. மாதா கோயில் தெருக்காரி, குள்ளம்மாளுக்கு இரண்டு மூன்று வயது இளையவள், தோளுயரம்கூட வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாடும்போது பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் போல இருப்பாள். திங்கட்கிழமை மண்டியில் வந்து கேட்டுப் பாருங்கள். இருவரும் நாளெல்லாம் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள், மத்தியானம் ஒரே போசியில் கைவிட்டுக் களி தின்பார்கள். இந்தக் கூட்டு எப்படி என்று மற்றவர்களுக்குப் புரிந்ததே இல்லை.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, அந்தச் சமயத்தில்தான் சவுரியப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. சவுரியப்பன் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேசட் கடை வைத்திருந்தவர். யாருக்கு எந்தப் பாட்டு வேண்டுமோ அதைப் பதிந்து கொடுப்பது அவர் தொழில். அடுத்தவன் பாட்டையே எத்தனை நாள் பதிந்து கொடுப்பது, நாமே ஒரு கேசட் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு என்று விசேஷம் எதுவானாலும் மாமன் வீட்டாரும் பங்காளிகளும் ஒருவரையொருவர் கேலி பேசாமல் சோறு இறங்காது. அந்தக் கேலியையே கேசட்டாகப் போட்டால் மைக் செட்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். யார் அள்ளிக்கொண்டு போவார்கள், எப்போது அள்ளிக்கொண்டு போவார்கள் என்பதில்தான் கோளாறு.

மைக் செட் பச்சியப்பன்தான் அவரை மண்டிக்குக் கூட்டிவந்தவர். பச்சியப்பன் ஒரு விசேஷம் விடாமல் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர், ஊர் ஊராக வாயைக் கேட்டவர். இந்த ஜில்லாவில் குள்ளம்மாள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது என்று அவர் சத்தியம் செய்தார். சவுரியப்பன் வாசலில் நின்று கேட்டார். இரண்டு வரிசையும் ஒன்றையொன்று வாரிக்கொண்டிருந்த நேரம். அவருக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. வேலை விடும்வரை காத்திருந்து குள்ளம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ரெண்டு பேர் மாறி மாறிச் சொன்னால் கேசட்டில் சண்டை போலக் கேட்கும், அதனால் ஒரு குரல் போதும் என்றார். கேசட் பெட்டியின்மேல் அவள் படமும் பேரும் போடுவதாகச் சொன்னார்.

இங்கேதான் அவள் ஒரு காரியம் செய்தாள். லூர்துமேரியிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாளே என்பது பாதி, படத்தில் தான் மட்டும் இருக்க வேண்டும் என்ற ஆசை பாதி. எந்தப் பாதி பெரிசு என்று அவளைக் கேட்டால் அவளே சொல்லமாட்டாள். பல் வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அரக்குக் கலர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறினாள்.

சவுரியப்பன் வீட்டு உள்ளறையில் சுவரெல்லாம் கம்பளியும் சாக்கும் மாட்டி வைத்திருந்தார்கள். மைக்குக்கு முன்னால் நிற்க வைத்துப் பாடச் சொன்னால் குள்ளம்மாளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயடைத்துப் போனாள். சவுரியப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் அவளே காரணத்தைக் கண்டுபிடித்தாள். கை சும்மா இருந்தால் வாய் எப்படி ஓடும்? கல்லும் தடியும் கேட்டாள். கல் கிடைத்தது, தடிக்கு பச்சியப்பனின் ஸ்பேனர் கிடைத்தது. தட்ட ஆரம்பித்தாளோ இல்லையோ, மடை திறந்துவிட்டது.

“மாமன் வூட்டுச் சீரு வருது, மணியடிச்சு வழி விடுங்க
மஞ்சப் பையில் என்ன இருக்கு, மறைக்காம அவுத்து விடுங்க
சீப்புக்கு ரெண்டு பழம் செவ்வாழைத் தாரு வந்துச்சு
மிச்சப் பழம் எங்க போச்சு, எந்த வாய்க்குள்ள நின்னுச்சு”

இப்படி நான்கு வரி சொல்வாள், நிறுத்துவாள், வெறுமனே தட்டுவாள். மறுபடி நான்கு வரி. எதற்கு நிறுத்துகிறாய் என்று சவுரியப்பன் கேட்டதற்கு, நிறுத்தாமல் எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்கு அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. சவுரியப்பனும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டார். அந்த இடங்களிலெல்லாம் கீபோர்டு இசை போட்டு நிரப்பிவிடலாம் என்பது அவர் திட்டம். பெங்களூரிலிருந்து அதற்கு ஒரு ஆளை வரச் சொல்லியிருந்தார்.

டேப்பைத் திருப்பிப் போட்டுக் காட்டியபோது குள்ளம்மாள் மைக்கைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷம் மண்டியில் சொன்னதெல்லாம் சாயங்காலம் புளியங்கொட்டையோடு கூட்டித் தள்ளப்பட்டது. இது அப்படி இல்லை, இங்கேயே இருக்கிறது, திரும்பத் திரும்பச் சொல்கிறது. அவளுக்கு ஒரேயடியாகச் சந்தோஷம். ஸ்டுடியோவில் போய்ப் படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படமும் பேரும் போட்ட பெட்டியைக் கையில் வாங்கும் நாளைத் தவிர அவள் மனசில் வேறு எதுவும் நிற்கவில்லை. புருஷன் மாதுவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மாது கேழ்வரகுக் காட்டில் பாடுபட்டுவிட்டு வந்து ‘உம்’ கொட்டுகிறவர். அந்த வாரம் மட்டும் இரண்டு ‘உம்’ சேர்த்துக் கொட்டினார்.

கீபோர்டு ஆள் வந்து டேப்பைக் கேட்டுவிட்டுத் துள்ளிவிட்டார். அமெரிக்காவில் இப்போது கறுப்பின இளவட்டங்கள் இப்படித்தான் தாளத்துக்குப் பேசிப் பேசிப் பாடுகிறார்கள், அதற்கு ராப் என்று பேர், பெங்களூர்க் கடையில் ஒரு கேசட் கேட்டேன் என்றார். அங்கேயும் சம்பந்தி வீட்டார் தொல்லை உண்டு போலிருக்கிறது என்று குள்ளம்மாள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் மூன்று பாட்டுக்கு இசை சேர்த்துக் கொடுத்தார், மிச்சத்துக்கு அடுத்த மாசம் வருவதாகச் சொன்னார்.

அந்த அடுத்த மாசத்துக்குள்தான் வெள்ளம் கரையை உடைத்தது.

இசை சேர்ப்பதற்கு முன்பே சவுரியப்பன், குரலும் கல் சத்தமும் மட்டும் இருந்த கச்சா டேப்பிலிருந்து ஒரு பிரதி எடுத்துப் பச்சியப்பனிடம் கொடுத்திருந்தார். அறையில் கேட்க நன்றாக இருக்கிறது, குழாயில் எப்படி வரும், கரகரவென்று அடிக்குமா என்று சோதித்துப் பார்க்கத்தான் கொடுத்தார். தோட்டத்தில் குழாயைக் கட்டிக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்திவிடு என்று சொன்னதும் உண்மை. பச்சியப்பன் அப்படித்தான் செய்தார். தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு நடந்துகொண்டிருந்தது அவர் குற்றமா? அந்த வீட்டுக்காரர்கள் ஓடிவந்து, அதை எங்கள் பந்தலில் போடு என்று கையைப் பிடித்தார்கள். அவர் போட்டார். அந்தப் பந்தலுக்கு வந்திருந்த பாலக்கோட்டு மைக் செட்காரர் ஒருவர் ஒரு பிரதி கேட்டார். தொழில்காரனுக்குத் தொழில்காரன் இல்லையென்று சொல்ல முடியுமா? பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி, அங்கிருந்து அரூர், அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகிற பஸ் டிரைவர் கைக்கு ஒன்று. ஒகேனக்கலில் மீன் வறுக்கிற கடையில்கூட ஓடியது என்றார்கள். கேசட் இன்னும் வெளிவரவில்லை, ஆனால் ஜில்லா முழுக்க அது பேச ஆரம்பித்துவிட்டது.

போன இடமெல்லாம் ஒரே மாதிரி ஒரு தப்பு நடந்தது. கேட்டவர்களுக்கு அது முடியாத டேப் என்று தெரியாது. நான்கு வரி வரும், அப்புறம் கல்லில் தட்டுகிற சத்தம் மட்டும் வரும். கேலி சொன்னவர் நிறுத்தினால் அது நமக்கு விட்ட இடம் என்றுதான் இந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எதிர்த்தரப்பு பதில் சொன்னது. பெட்டிக்குப் பதில் சொல்கிறோமே என்று எவருக்கும் வெட்கமில்லை. சில ஊர்களில் பதில் நீண்டுபோனால், பாஸ் பட்டனை அமுக்கிப் பிடி என்று மைக் செட்காரரைப் போட்டு உலுக்கினார்களாம். பதில் சொல்லிப் பழகாத ஆண்கள்கூட மேலே விழுந்து மைக்கைப் பிடுங்கினார்கள். குள்ளம்மாள் ஆள் யாரென்று தெரியாமலே ஊர் ஊராக அவளோடு மல்லுக்கு நின்றார்கள்.

குள்ளம்மாள் அதை முதலில் கேட்டது மண்டியில் உட்கார்ந்திருந்தபோது. பக்கத்து ஊர்ப் பந்தலிலிருந்து குழாய் வழியாக அவள் குரல் புளிய மரங்களையெல்லாம் தாண்டி வந்து உள்ளே நுழைந்தது. பெண்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, எழுந்து நின்றுவிட்டாள். பெருமையோடு எதிர் வரிசையைப் பார்த்தாள். லூர்துமேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பல்லு வலி தேவலையாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் லூர்துமேரி புளி தட்டுகிற கொட்டகைக்கே வரவில்லை. மேஸ்திரியிடம் சொல்லி, புளியை ஓலைப்பாயில் கட்டுகிற கொட்டகைக்கு மாறிக்கொண்டாள். தெற்கு வரிசைக்கு வாய் இல்லாமல் போயிற்று. குள்ளம்மாள் நான்கு வரி சொல்லி நிறுத்துவாள், எதிரே தட்டுகிற சத்தம் மட்டும் வரும். தினமும் ஜெயித்தாள், தினமும் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், ஒரு மிடறும் ருசிக்கவில்லை. களிப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை கட்டுக் கொட்டகை வரைக்கும் போய், உள்ளே நுழையாமல் திரும்பி வந்தாள்.

இது போதாதென்று சவுரியப்பன் வந்தார். மனுஷன் கொதித்துப் போயிருந்தார். ஊரே ஓசியில் கேட்டுவிட்ட பாட்டை யார் கடைக்கு வந்து வாங்குவான், கேசட் பிறப்பதற்கு முன்பே செத்துப்போய்விட்டது என்று புலம்பினார். பச்சியப்பனைக் கூட நிற்க வைத்தே திட்டித் தீர்த்தார். கடைசியில் தன் முடிவைச் சொன்னார். சேலத்தில் மெல்லிசைக் குழுவில் பாடுகிற பெண் ஒருத்தியை வைத்து எல்லாப் பாட்டையும் புதிதாகப் பாட வைப்பது, நடுவில் முழுக்க இசை போடுவது. அப்போதுதான் ஊரில் சுற்றுவது வேறு, கடையில் இருப்பது வேறு என்று ஆகும். குள்ளம்மாள் பேரைச் சின்னதாக உள்ளே எங்காவது போட்டுக்கொள்ளலாம் என்றார்.

குள்ளம்மாளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் வரியை வேற ஒருத்தி வாயில் வைப்பீர்களா என்று கேட்டாள். அப்போதுதான் பச்சியப்பன் குறுக்கே புகுந்தார்.

“என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். ஞாயித்துக்கெழம நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு காதுகுத்து. ஒருதரம் வந்து பாத்துட்டு அப்பறம் சேலத்துக்குப் போங்க” என்றார்.

சவுரியப்பன் வர ஒப்புக்கொண்டார், ஆனால் சும்மா வரவில்லை. இசை சேர்த்து முடித்த மூன்று பாட்டையும் ஒரு கேசட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அதைக் கேட்டால் கச்சா டேப்பை யாரும் சீந்தமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. குள்ளம்மாள் அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, தன் ஆயுசுக்கே தீர்ப்பு சொல்லப் போகிறார்கள் என்பது போல வந்து நின்றாள்.

பந்தல் நிறைந்திருந்தது. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அலறியது, ஆசாரி காதில் தோட்டைப் போட்டார், சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. அந்தக் கூட்டத்தில் மாமன் வீட்டார் பக்கம் லூர்துமேரி நின்றுகொண்டிருந்தாள். குழந்தையின் மாமன்காரர் அவளுக்கு அண்டை வீட்டுக்காரர். குள்ளம்மாளைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் சவுரியப்பனின் புதுக் கேசட் ஓடியது. மாமன் வீட்டுச் சீரு வருது என்று குள்ளம்மாள் குரல் குழாயில் கிளம்பியதும் பந்தலே நிமிர்ந்தது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. நான்கு வரி முடிந்தது. மாமன் வீட்டுப் பெரியம்மாள் ஒருத்தி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் கீபோர்டு வந்து புகுந்தது. டொய்ங் டொய்ங்கென்று அது பாட்டுக்கு ஆடிக்கொண்டு போயிற்று. அவள் அது முடியட்டும் என்று நின்றாள், முடிந்ததும் அடுத்த நான்கு வரி வந்துவிட்டது. மறுபடி வாயெடுத்தாள், மறுபடி டொய்ங். மூன்றாம் தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எவன் அவன், நாம பேசறப்ப குறுக்க வந்து ஊதறவன்? அவன மொதல்ல வூட்டுக்கு அனுப்புங்க.”

பந்தல் விழுந்து விழுந்து சிரித்தது. பழசைப் போடு, பழசைப் போடு என்று இரண்டு தரப்பும் கத்தின. பச்சியப்பன் சவுரியப்பனைப் பார்த்தார். சவுரியப்பன் கையை விரித்தார். கச்சா டேப் ஏறியது.

அப்புறம் நடந்ததைச் சொல்லிக் காட்ட முடியாது, அங்கே நின்றிருக்க வேண்டும். மிச்சப் பழம் எங்க போச்சு என்று குழாய் கேட்டு நிறுத்தியது. கல் சத்தம் டக் டக்கென்று போயிற்று. பெரியம்மாள் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“பழத்தைத் தின்ன கொரங்கு ஒண்ணு பஸ்ஸு ஏறி வந்துச்சு
பந்தல்கிட்ட எறங்கிக்கிட்டு பங்காளின்னு சொன்னுச்சு”

பங்காளிகள் பக்கம் ஓவென்று ஒரு கூச்சல் எழும்பியது. ரீவைண்ட் பண்ணு, எங்களுக்கும் ஒரு வாட்டி வேணும் என்று அவர்கள் மேடைக்கு ஓடினார்கள். ஆனால் டேப்பில் சொல்வதெல்லாம் பங்காளிகள் சார்பில்தானே இருக்கிறது, மாமன் வீட்டார்தான் எப்போதும் பதில் சொல்கிற தரப்பு. எங்களைக் கேலி பண்ண ஒரு டேப் இல்லையா, நாங்கள் என்ன வாயில்லாப் பூச்சியா என்று பங்காளிகளுக்கு ஒரே ஆற்றாமை. சவுரியப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் வைத்திருந்த இசைக் கேசட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

டேப் அடுத்த நான்கு வரியைச் சொல்லி நிறுத்தியது. பதில் சொல்லப் பெரியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த மைக்கை லூர்துமேரி வாங்கினாள். வாங்கியவள் குழாயைப் பார்க்கவில்லை, கூட்டத்துக்கு மேலே தெரிந்த குள்ளம்மாளின் தலையைப் பார்த்தாள்.

“சத்தமில்லா ரூமுக்குள்ள சத்தம் போடப் போனவளே
சரிக்குச் சரி நின்னவள மண்டியிலே விட்டவளே
எட்டூரும் பேசுதுன்னு ஏறி நின்னு பாக்கறியே
எதுத்துச் சொல்ல ஆளில்லாம என்னத்தடி பாடறியே”

சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். இது பெட்டிக்குச் சொன்ன பதில் இல்லை, ஆளுக்குச் சொன்னது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பச்சியப்பன் பாஸ் பட்டனை அமுக்கினார். கல் சத்தமும் நின்றது. அந்த உயரமான பொம்பளைதான் டேப்பில் பாடுகிறவள் என்று யாரோ சொல்ல, பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குள்ளம்மாள் பதில் சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

குள்ளம்மாளுக்கு வரி வராமல் இல்லை. இரண்டு மூன்று வந்தன, நல்ல வரிகள்தான், நாக்கு நுனியில் நின்றன. அவள் ஒன்றையும் வெளியே விடவில்லை. பந்தலுக்கு வெளியே சமையல்காரர்கள் வைத்திருந்த தண்ணீர் அண்டாவுக்கு நேராக நடந்தாள். சொம்பில் மொண்டாள். அத்தனை பேரும் பார்க்க, பந்தலின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து, லூர்துமேரி கையில் நீட்டினாள். நடந்து வந்த வேகத்தில் பாதித் தண்ணீர் அரக்குச் சேலையில் கொட்டியிருந்தது.

“தோத்துட்டேன் மேரி. குடி” என்றாள்.

லூர்துமேரி அந்தச் சொம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சேலை நல்லாத்தான் இருக்கு, படம் எங்கே, பெட்டி எங்கே என்று கேட்டாள். புளி மண்டியில் என்ன நடக்கும் என்று தெரியாத நல்லம்பள்ளிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் எதற்கோ ஒன்றுக்குக் கை தட்டினார்கள்.

பந்தி நடக்கும்போதே குள்ளம்மாள் சவுரியப்பனைப் பிடித்துக்கொண்டாள். கேசட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். ஒரு பக்கம் பங்காளிகள் சார்பில் நான் சொல்கிறேன், மறுபக்கம் மாமன் வீட்டார் சார்பில் மேரி சொல்லட்டும், நடுவில் ஒன்றும் போடாதீர்கள், இல்லையென்றால் என் படத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். சவுரியப்பன் இதை மறுப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். அவரோ பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். அவர் காதில் இன்னும் பங்காளிகளின் புலம்பல் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் சுற்றுகிற டேப்பில் பாதிதான் இருக்கிறது, மீதிப் பாதி என்னிடம்தான் கிடைக்கும் என்று அவருக்கு அப்போதே உறைத்துவிட்டது. சேலத்துப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பியதைத் திருப்பிக்கொண்டார். கீபோர்டு ஆளுக்கு என்ன பதில் எழுதினார் என்பது மட்டும் தெரியவில்லை.

கம்பளி மாட்டிய அறைக்குள் இந்தத் தடவை இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். இரண்டு கல், மண்டியிலிருந்தே கொண்டுவந்த இரண்டு தடி. ஒருத்தி சொல்லி நிறுத்தும்போது எதிரே இருப்பவள் வாயைப் பொத்திக்கொண்டு தட்ட மட்டும் வேண்டும் என்பது ஏற்பாடு. பதில் நாக்கில் வந்து நிற்கும்போது வாயைப் பொத்துவது என்ன பாடு என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டு எத்தனையோ தடவை திரும்ப ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஒரு சிரிப்பு டேப்பிலேயே தங்கிவிட்டது. சவுரியப்பன் அதை அழிக்கவில்லை.

ஆடிப் பெருக்குக்கு முன்னால் கேசட் கடைக்கு வந்தது. பெட்டியின்மேல் ஸ்டூலில் உட்கார்ந்த குள்ளம்மாளும் நின்றுகொண்டிருந்த லூர்துமேரியும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். கச்சா டேப் வைத்திருந்த மைக் செட்காரர்கள்தான் முதலில் வந்து வாங்கினார்கள். அது இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டால், மாமன் வூட்டுப் பக்கம் வேணுமுங்க, இல்லாட்டி பங்காளிங்க அடிக்க வராங்க என்றார்கள். குள்ளம்மாள் கடை வாசலில் நின்று, விற்கிற ஒவ்வொரு பெட்டியையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். மாதுவும் வந்திருந்தார். படத்தைப் பார்த்து, நல்லாருக்குது என்று வாய் திறந்து சொன்னார், சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்துப் போனார்.

கடை வாசலில் சவுரியப்பன் ஒரு குழாய் கட்டிக் கேசட்டை ஓடவிட்டிருந்தார். இரண்டாம் பக்கம் தொடங்கியது. லூர்துமேரி எதையும் விட்டுவிடுகிறவள் இல்லை. முதல் பாட்டாக அந்த நான்கு வரியைத்தான் வைத்திருந்தாள். எதுத்துச் சொல்ல ஆளில்லாம என்னத்தடி பாடறியே என்று குழாய் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டுவிட்டு நிறுத்தியது. கல் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்ற கூட்டம் குள்ளம்மாள் வாயையே பார்த்தது.

அவள் பக்கத்து டீக்கடைக்குள் போனாள். டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு வந்து லூர்துமேரி கையில் கொடுத்தாள். லூர்துமேரி குடித்து முடிக்கவும் அடுத்த நான்கு வரி தொடங்கவும் சரியாக இருந்தது.

அதைப் பார்த்த மைக் செட்காரர்கள் கேசட்டோடு அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் அரூரிலும் பாலக்கோட்டிலும் பந்தலில் அந்தப் பாட்டு வந்து நிற்கும்போது யாரும் பதில் கட்டுவதில்லை. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாமன் வீட்டுப் பெண் கையில் கொடுப்பாள். ஏன் என்று கேட்டால் அந்தப் பாட்டுக்கு அப்படித்தான் வழக்கம் என்பார்கள்.